என்றைக்குத் தட்டினான்?

பாட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நேரில் சொல்ல வாய் வராததைப் பாட்டில் சொல்லிவிடுவார்கள். சொல்லி முடித்ததும், சொல்ல வேண்டியவரிடமே சொல்லிவிட்ட மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இந்தக் கதையில் வருகிற மனிதரும் அப்படி எழுந்தவர்தான். அதற்காக அவரை இப்போதே திட்டிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, அப்புறமும் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பென்சில் என்று பெயர். ஆளும் அப்படித்தான் இருப்பார், நெட்டையாய், ஒல்லியாய், தலையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைக்கு அடியில் கசக்கிப் போட்ட காகிதங்கள். இருபது வருடமாகப் படங்களுக்குப் பாட்டு எழுதியும், தெருவில் போனால் யாருக்கும் அவரைத் தெரியாமல்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய ஒரே ஒரு பாட்டுதான் அவரை ஊரறியச் செய்தது.

என் மழைக்குக் குடை பிடித்து
நனைந்து போன தோளே,
உன் வாசல் வரை வந்தவன் நான்
வாய் இழந்த ஆளே;
தட்டித் தட்டிக் கை சிவந்தும்
திறக்கவில்லை கதவு...

இதைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. பேருந்தில் போட்டார்கள், தேநீர்க் கடையில் போட்டார்கள், பல் பிடுங்கும் மருத்துவர் வீட்டு வராந்தாவில்கூடப் போட்டார்கள். எல்லோரும் அதைக் காதல் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். முடிவெட்டுகிறவர் ஒருநாள் பென்சிலின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார்:

"யாரு சார் அந்தக் கல்நெஞ்சக்காரி? ஒரு மனுசன் கை செவக்கத் தட்டியிருக்கான், உள்ள உக்காந்துக்கிட்டு நகத்துக்குச் சாயம் பூசிட்டு இருந்திருப்பா. நல்லா இருப்பாளா அவ?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று பென்சில் சும்மா இருந்துவிட்டார். கத்தியை எடுத்த பிறகும் சும்மாதான் இருந்தார்.

அந்தக் கல்நெஞ்சக்காரி அவருடைய அக்கா.

ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவள். இருந்த ஒற்றைக் குடையை முக்கால்வாசி தம்பி பக்கம் சாய்த்துப் பிடித்து, தன் இடது தோளை மழைக்குக் கொடுத்தவள். அவளுக்குக் கல்யாணமாகி அத்தான் வந்த பிறகும், 'என் தம்பி எழுதுறான், அவனத் தொந்தரவு பண்ணாதீங்க' என்று தம்பிக்காக ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தவள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த அத்தான் நெஞ்சு நோவென்று மருத்துவமனையில் கிடந்தார். அக்கா மூன்று நாளாய்க் கண்மூடவில்லை. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்கு வந்து உக்காரு தம்பி, நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு மாத்துத்துணி எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்றாள். "நீ கெளம்பு, நான் டாண்ணு நாலுக்கு நிக்கிறேன்" என்றார் பென்சில்.

போகவில்லை. கைபேசியையும் அணைத்து வைத்திருந்தார். ஐந்தரை வரை பார்த்த அக்கா, தம்பி எப்படியும் வந்துகொண்டிருப்பான் என்ற நம்பிக்கையில் வீட்டுக்குப் போனாள். ஏழு மணிக்கு, பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல், அத்தான் போய்விட்டார்.

மறுநாள் இழவு வீட்டுக் கூட்டத்தின் கடைசி வரிசையில் பென்சில் நின்றார். அக்கா நிமிர்ந்து பார்ப்பதற்குள் நழுவினார். முந்தின நாள் ஒலிப்பதிவில் மாட்டிக்கொண்டதாக யாரிடமோ சொல்லியனுப்பினார், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரே ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து, அவள் வீட்டுத் தெருமுனை வரை போனார். அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே கதவு அகலமாய்த் திறந்தே கிடந்தது. பத்து நிமிடம் ஒரு மின்கம்பத்தோடு மின்கம்பமாய் நின்றுவிட்டுத் திரும்பினார்.

அதைத்தான் முதலில் பாட்டில் எழுதினார். 'தட்டத் தூக்கும் கையிறக்கித் திரும்பிப் போனேன் தெருவில்' என்றுதான் இருந்தது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன பென்சில் இது? தட்டாமலே திரும்பிப் போறவனுக்கு எவன்யா அழுவான்? தட்ட வை. கை செவக்கத் தட்ட வை. அவ தெறக்கவே கூடாது. அப்பத்தான் எனக்கு வயலின உள்ள விட எடம் கெடைக்கும்."

மெட்டுக்கு வார்த்தை மாற்றுவது அவருக்குக் கைவந்த வேலை. ஐந்தே நிமிடம். அளவு கச்சிதமாய் உட்கார்ந்தது. வயலின் உள்ளே வந்தது. பென்சிலுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டதில், நிஜமாகவே போய்த் தட்டினோமோ என்றுகூடச் சில நாள் தோன்றியது. மனசு இருக்கிறதே, அது தனக்கு வசதியான பக்கத்துக்குத்தான் தலையணை போடும்.

இப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் மகள் மாடி ஏறி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். ஏழு வருடம் கழித்துப் பார்க்கிறார். அதே அக்கா நெற்றி, அத்தானின் கூரான மூக்கு.

"வாம்மா, உக்காரு" என்று நாற்காலியில் இருந்த காகிதங்களை அள்ளினார்.

"உக்கார வரல மாமா. ஒரு கேள்வி கேக்க வந்தேன்."

"அக்கா... அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. அங்க நாள் பூரா ரேடியோ. நாள் பூரா உங்க பாட்டு."

பென்சில் அள்ளிய காகிதங்களைக் கட்டிலில் போட்டார். "கேட்டாங்களா?"

"காதுல பஞ்சா வச்சிருக்காங்க, கேக்காம இருக்க? குடைன்னு வந்ததுமே அது தனக்குத்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கூட வேலை செய்றவங்க எல்லாம் அந்தக் கதவு தெறக்காதவள மண்ணள்ளித் தூத்துறாங்க. அம்மாவும் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வர்றாங்க. ரெண்டு வருஷமா." அவள் மாமாவை நேராகப் பார்த்தாள், கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பார்களே, அப்படி. "அம்மா உங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நீங்க என்னைக்கு வந்து தட்டினீங்க?"

பென்சில் ஒரு காகிதத்தை எடுத்து, கசங்கலை நீவத் தொடங்கினார்.

"அது... பாட்டும்மா. பாட்டுல அப்படித்தான்..."

"தேதி தெரியலைன்னா பரவால்ல. காலையா, சாயங்காலமா? அதாவது சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சாகணுமாம். ராத்திரில எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க மாமா. எதுக்குன்னு எனக்கே சொல்ல மாட்டேங்கறாங்க."

பென்சில் சன்னலைப் பார்த்தார். ஒரு வழி தென்பட்டது. பயந்தவர்களுக்கு வழிகள் சட்டென்று தென்படும். "வர்ற சனிக்கிழமை சாயங்காலம் அரங்கத்துல கச்சேரி இருக்கு. இந்தப் பாட்டத்தான் முதல்ல பாடறாங்க. அம்மாவக் கூட்டிட்டு வா. பதில் அங்க இருக்கும்."

"கேள்வி கேட்டா டிக்கெட் குடுக்கறீங்களே மாமா" என்றாள் அவள். ஆனாலும் இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவர் போட்ட கணக்கு இதுதான்: மேடையிலே பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது. 'தட்டத் தூக்கும் கையிறக்கித் திரும்பிப் போனேன் தெருவில்.' அக்கா கேட்பாள். தட்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தான் வாய் திறக்க வேண்டியதில்லை.

பாடகர் நல்ல பிள்ளை, தகராறு செய்யவில்லை. "உங்க பாட்டு சார், நீங்க சொன்னா மாத்திப் பாடறேன். ஆனா சனங்களுக்கு நாக்குல ஊறிப்போச்சே" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. பென்சில் மேடைக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று, நான்காவது வரிசையைத் துழாவினார். மகள் இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை இருந்தது. அக்கா வரவில்லை.

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. பாடகர் கண்ணை மூடி, "தட்டத் தூக்கும்..." என்று தொடங்கினார். தொடங்கியதுதான் தெரியும். ஆயிரம் வாய்கள் ஒன்றாய்த் திறந்து, "தட்டித் தட்டிக் கை சிவந்தும் திறக்கவில்லை கதவு" என்று முழங்கின. பாடகரின் குரல் அதற்குள் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பாடகருக்கு வரி மறந்துவிட்டது என்று நினைத்து, கையை ஆட்டி எடுத்துக்கொடுத்தார். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை பாடகரும் பேசாமல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்?

வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் மகள் காத்திருந்தாள்.

"கேட்டியாம்மா? மாத்தினேன். நீ கேட்டியா?"

"உதடு அசைஞ்சதப் பாத்தேன். என்ன மாத்தினீங்கன்னு யாருக்குக் கேட்டுச்சு?" அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "மாமா, அம்மா பாட்டத் திருத்தச் சொல்லல. ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கு ஆயிரம் பேரு எதுக்கு? சலவைக்கூடத்துல திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு மேல அவங்க தனியாத்தான் இருப்பாங்க. முடிஞ்சா போங்க. முடியலைன்னா இன்னொரு பாட்டு எழுதிறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திங்கட்கிழமை அவர் போனார். நாலு மணிக்குப் போக வேண்டிய அந்த மருத்துவமனைக்கு ஏழு வருடம் கழித்துப் போகிறார். சலவைக்கூடம் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. சோப்பும் ஆவியும் கலந்த வெதுவெதுப்பு. உலர்ந்த படுக்கை விரிப்புகள் நீள மேசைமேல் மலையாய்க் குவிந்திருந்தன. அதற்கு அந்தப் பக்கம் அக்கா. முடி முழுக்க வெளுத்துவிட்டது. ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை மேசையில் அழுத்திவைத்து, மற்ற இரண்டைத் தாடையால் பிடித்து, ஒற்றை ஆளாய் மடித்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். தாடையிலிருந்து துணி நழுவியது.

"எளைச்சுட்டே" என்றாள்.

எத்தனையோ எதிர்பார்த்து வந்தார். இதை எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைத் தொடங்கினார். "அக்கா, நெஞ்சுல ஒரு முள்ளு, அத எடுக்கத்தான் இந்தச் சொல்லு, நீ—"

"நிறுத்து." கையைக் காட்டினாள். "எதுகை வருது. சும்மா சொல்லு. எனக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

மறுபடி தொடங்கினார். மறுபடியும் அது ஒரு சந்தத்தில் போய் விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள். வாய்ப் பழக்கம் அவரை அந்த அளவுக்குப் பிடித்து வைத்திருந்தது. கடைசியில் அவளே இரக்கப்பட்டு, கேள்வியைச் சின்னதாக்கிக் கொடுத்தாள்.

"அன்னைக்கா தட்டினே?"

"என்னைக்கு?"

"உங்க அத்தான் போன அன்னைக்கு. சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு. வீட்டுக்கு வந்து தட்டினியா?"

அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பென்சிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வீட்டுக்கா? இல்லக்கா. எதுக்கு வீட்டுக்கு..."

"நான் குளிச்சிட்டு ஓடி வரணும்னுதான் போனேன். கட்டில்ல ஒரு நிமிஷம் சாஞ்சேன். அவ்வளவுதான் தெரியும். முழிச்சப்ப மணி ஏழரை." அவள் குரல் காய்ந்திருந்தது. "யார்கிட்டயும் சொல்லல. என் மககிட்டகூட. இந்தப் பாட்டு வந்துச்சு. தட்டித் தட்டிக் கை செவந்தும்னு கேட்டப்ப ஒரு நினைப்பு பிடிச்சுக்கிச்சு. நீ வந்திருக்கே. வார்டுல என்னக் காணோம்னு வீட்டுக்கு ஓடி வந்து, கை செவக்கத் தட்டியிருக்கே. நான் பொணம் மாதிரி தூங்கியிருக்கேன். அப்ப மட்டும் எந்திரிச்சுத் தெறந்திருந்தா, ரெண்டு பேரும் சேந்து போயிருப்போம், அவரு கையப் பிடிச்சிருப்போம். ரெண்டு வருஷமா இதே நினைப்பு. இதுவா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

பென்சில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வயலினுக்கு இடம் விட, ஐந்து நிமிடத்தில் மாற்றிப் போட்ட ஒரு வரி. அது இங்கே வந்து, இந்த மனுஷியின் அன்றைய தூக்கத்தைத் தட்டித் தட்டி, இரண்டு வருடம் அவளைத் தின்றிருக்கிறது.

இப்போது எதுகையும் வரவில்லை, மோனையும் வரவில்லை.

"நான் வரலக்கா. வீட்டுக்கும் வரல. ஆஸ்பத்திரிக்கும் வரல. தட்டவே இல்ல. அன்னைக்குன்னு இல்ல, என்னைக்குமே தட்டல. மூணு மாசம் கழிச்சுத் தெருமுனை வரைக்கும் வந்தேன். கதவு தெறந்துதான் இருந்துச்சு. திரும்பிட்டேன். பாட்டுல இருக்கறது பொய்."

மேசை விளிம்பிலிருந்து அவள் கை மெல்ல விலகியது.

"இன்னொன்னும் சொல்லணும்" என்றார். இதை அவர் தனக்குள்ளேயும் சொல்லிக்கொண்டதில்லை. "அன்னைக்கு ஒலிப்பதிவுன்னு சொல்லியனுப்பினேன்ல, அங்க எனக்கு வேலையே இல்ல. என் வரி முந்தின நாளே முடிஞ்சுபோச்சு. இருந்தும் போனேன். கண்ணுல படாம இருந்தா அடுத்த பாட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களோன்னு போனேன். மூணு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் ஒரு ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சேன். எந்திரிச்சு வந்திருக்கலாம். யாரும் பிடிச்சு வைக்கல."

அக்கா மெல்ல, குவிந்திருந்த விரிப்புகளின் மேலேயே உட்கார்ந்தாள். மடித்து அடுக்கியதெல்லாம் கசங்கியது. ஏதோ ஒரு இயந்திரம் சுழன்று சுழன்று அடங்கியது.

"டீ எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அக்கா..."

"கேக்கறேன்ல?"

"தண்ணியா இருந்துச்சு."

"இருக்கட்டும். நல்லா வேணும்." சொல்லிவிட்டு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். பென்சில் பக்கத்தில் போக ஓர் அடி வைத்தார். துணிவு வரவில்லை, வைத்த இடத்திலேயே நின்றார்.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள். "அப்ப நான் தூங்கினப்ப யாரும் தட்டல."

"யாரும் தட்டல."

"சத்தியமா?"

"அத்தான் மேல சத்தியம்."

"அவர இழுக்காத. உன் மேல சொல்லு."

"என் மேல சத்தியம்."

அவள் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டாள். அந்த மூச்சு வெளியே வந்த நீளத்தைப் பார்த்து, அது எத்தனை நாளாக உள்ளே நின்றிருக்கும் என்று பென்சிலுக்குப் புரிந்தது.

"என்னை மன்னிப்பியாக்கா?"

"தெரியலடா" என்றாள் உண்மையாகவே யோசித்து. "மொதல்ல கோபப்பட விடு. ரெண்டு வருஷமா உன் மேல கோபப்படக்கூட முடியல, எல்லாத்தையும் என் மேலயே பட்டுக்கிட்டு இருந்தேன். இனிமேதான் ஆரம்பிக்கணும். நெறைய இருக்கு. ஒருநாள்ல தீராது. நீ வந்து வந்து வாங்கிட்டுப் போகணும்."

"வர்றேன்."

"என் பொண்ணுகிட்டயும் சொல்லணும். இந்த டீ, ஸ்டூலு எல்லாம். என் தூக்கத்த நான் சொல்லிக்கறேன்."

"சொல்றேன்க்கா."

"பாட்டா இல்ல."

"இல்ல."

அவள் எழுந்து, தான் உட்கார்ந்து கசக்கியதைப் பார்த்தாள். இருபது முப்பது விரிப்புகள் மறுபடி மடிக்க வேண்டியிருந்தது. மேலே கிடந்த ஒன்றை உதறி, அந்தப் பக்கத்து இரண்டு முனைகளை அவரை நோக்கி வீசினாள். பிடித்துக்கொண்டார்.

"அப்படிப் பிடிக்காத, தரையில படுது. ஒசத்திப் பிடி. என்னத்ததான் வளர்ந்தியோ" என்றாள் அக்கா. கோபத்தை அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.